கிள்ளினால் பால் வருதா, தண்ணி வருதா

1

பேர் தெரியாத ஒரு செடியைத் தண்ணீர் ஊற்றியே அழுக வைத்தேன். அதைத்தான் எழுதப்போகிறேன். எட்டாவதோடு நின்றவன். எழுதிப் பழக்கமில்லை. ஊர்ப்பக்கம் இருப்பவர்கள் பொறுத்துப் படியுங்கள்.

நான் இருப்பது அயர்லாந்தில், ஒரு சின்ன டவுன். வந்து பதினேழு வருஷம் ஆகிறது. என் மனைவி சாந்தாமணி நர்ஸ். இங்கே வேலை கிடைத்தது அவளுக்குத்தான். நானும் மகள் நிவேதாவும் அவளோடு ஒட்டிக்கொண்டு வந்தோம். விசாவில் என்னை 'சார்ந்திருப்பவர்' என்று போட்டிருந்தார்கள். சரிதான்.

சரவணம்பட்டியில் வாடகை வீட்டில் இருந்தோம். அங்கே ஒரு பட்டறையில் லேத்து ஓட்டினேன். இங்கே துணி வெளுக்கும் கம்பெனி. ஆஸ்பத்திரி, ஹோட்டல் படுக்கை விரிப்புகள் லாரியில் வரும். மிஷினில் போடவேண்டும், எடுக்கவேண்டும், மடிக்கவேண்டும். யாரோடும் பேசவேண்டியதில்லை. எனக்கு ஒத்துப்போனது.

போன வருஷம் அக்டோபரில் சாந்தாமணி இறந்துபோனாள். டியூட்டி முடிந்து வந்தாள். கோட்டைக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தாள். டீ வைக்கப் போனேன். டீயோடு வந்தபோது அதே மாதிரிதான் உட்கார்ந்திருந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார்கள். அந்த டீயை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. மூன்று நாள் கழித்து, செருப்பு வைக்கும் அலமாரி மேல் இருந்தது.

2

சாவைப் பதிய ஆபீசுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள்.

"இவர் உங்களுக்கு என்ன வேண்டும்?"

"மனைவி."

"குடும்பப் பெயர் வேறாக இருக்கிறதே?"

எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தை நிரப்பவேண்டுமே என்று அப்பா பேரைப் போட்டார்கள். அவளுக்கு அவள் அப்பா பேர். எனக்கு என் அப்பா பேர். நிவேதாவுக்கு என் பேர். ஒரு வீட்டில் மூன்று குடும்பம் குடியிருப்பதாகத் தபால்காரர் நினைத்திருப்பார்.

கல்யாணச் சான்று கேட்டாள். அடுத்த நாள் கொண்டுபோனேன். அதில் ஒரு எழுத்து வேறாக இருந்தது. மூன்றாவது தடவை போனபோதுதான் எழுத ஆரம்பித்தாள். "என்ன வேலை?" என்று கேட்டாள். "ஷி இஸ் நர்ஸ்" என்றேன். அவள் 'வாஸ்' என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். திருத்துவதற்காகச் சொல்லவில்லை. எழுதும்போது வாய் முணுமுணுத்தது, அவ்வளவுதான்.

வருஷம் ஆகியும் இன்னும் திருமதி நாச்சிமுத்து என்று கவர் வருகிறது. நாச்சிமுத்து என் மாமனார். காங்கயம் பக்கத்தில் ஆடு மேய்த்தவர். விமானத்தைப் பக்கத்தில் பார்த்ததில்லை. அவர் பேருக்கு அயர்லாந்தில் கரண்ட் பில் வந்துகொண்டிருக்கிறது.

3

செடி சமையலறை ஜன்னலில் இருந்தது. ஐஸ்கிரீம் வந்த பிளாஸ்டிக் டப்பாவில் சாந்தாமணி வைத்தது. எங்கே வாங்கினாள், யார் கொடுத்தார்கள், கேட்டதில்லை. ஜன்னலில் ஏதாவது இருக்கும். அது மாதிரி இதுவும் ஒன்று என்று இருந்துவிட்டேன்.

அவள் போய் ஆறு மாசம் அதை நான் பார்க்கவே இல்லை. ஏப்ரலில் ஒருநாள் பாத்திரம் கழுவும்போது கண்ணில் பட்டது. பத்துப் பன்னிரண்டு தண்டு. சுண்டுவிரல் கனம். நாலு பட்டை. இலை கிடையாது. சாம்பல் கலந்த பச்சை, அங்கங்கே ஊதாப் புள்ளி. ஒரு தண்டைத் தவிர மற்றது எல்லாவற்றுக்கும் நுனி மொட்டையாக இருந்தது. மொட்டை இடம் காய்ந்து வெள்ளையாகத் தழும்பு கட்டியிருந்தது. ஏதோ நோய் என்று நினைத்தேன். ஆறு மாசம் தண்ணீர் இல்லையே என்று தோன்றியது.

எங்கள் ஊர் கோபிப் பக்கம். வாய்க்கால் பாசனம். நெல்லு, மஞ்சள், கரும்பு. காலையில் எழுந்ததும் மடையைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. பயிர் வாடினால் தண்ணீர். பழுத்தால் தண்ணீர். வேறு வைத்தியம் எனக்குத் தெரியாது.

தினமும் காலையில் ஒரு டம்ளர் ஊற்றினேன். ஞாயிற்றுக்கிழமை அரிசி கழுவிய தண்ணீர். வேலைக்குப் போகுமுன் செய்ய ஒரு காரியம் இருந்தது. முதல் மாசம் தண்டு கொழுகொழுவென்று ஆனது. நல்லபடி ஆகிறது என்றுதான் நினைத்தேன். ஜூனில் ஒரு தண்டு சாய்ந்தது. தொட்டேன். வெந்த கத்திரிக்காய் மாதிரி விரல் உள்ளே போனது. தண்ணீர் பத்தவில்லை என்று சாயங்காலமும் ஒரு டம்ளர் ஊற்றினேன்.

ஆறு மாசம் ஏறிட்டுப் பார்க்காதபோது செடி நன்றாக இருந்தது. நான் பார்க்க ஆரம்பித்ததும் சாக ஆரம்பித்தது.

4

நிவேதா டப்ளினில் வேலை பார்க்கிறாள். ஞாயிறு ஞாயிறு போன் செய்வாள். "சாப்டீங்களாப்பா?" "சாப்டேன்." "ஓகேப்பா." முன்னால் அம்மாவும் மகளும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்ப்பேன். இப்போது அந்த ஒரு மணி நேரத்தை வைத்து என்ன செய்வது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

ஆகஸ்டில் நேரில் வந்தாள். ஜன்னலைப் பார்த்தாள். அப்போது மூன்று தண்டுதான் மிச்சம்.

"அப்பா, இது டையிங்."

"தெரியுது."

"பேரு என்னப்பா?"

"தெரியாது."

அவள் போனில் படம் எடுத்தால் செடி பேர் சொல்லும். முதல் தடவை ஏதோ கேக்டஸ் என்றது. இரண்டாம் தடவை, ஆப்பிரிக்காச் செடி என்றது. பக்கவாட்டில் வைத்து எடுத்தாள். கள்ளி வகை, பால் விஷம், கண்ணில் பட்டால் பார்வை போகும் என்றது.

"தூக்கிப் போட்டுடலாம்ப்பா. பாய்சன்."

"உங்கம்மா வெச்சது."

போனைப் பைக்குள் போட்டுவிட்டு டப்பாவைக் கையில் எடுத்தாள்.

அவளே என்னைச் செடிக்கடைக்குக் கூட்டிப்போனாள். கடைக்காரப் பெண்ணுக்கு அறுபது வயது இருக்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தனக்கும் பேர் தெரியாது என்றாள். ஆனால் மொட்டை நுனியைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னாள். "இது நோய் இல்லை. யாரோ கிள்ளியிருக்கிறார்கள். நகத்தால். ஒரு தடவை இல்லை, பல வருஷமாக."

காரில் வரும்போது நிவேதா வேறு பேச்சு எடுத்தாள். "அக்டோபர்ல அம்மாவுக்குச் சாமி கும்பிடணும்லப்பா. என்ன பண்ணணும்?"

"வாழையெல போட்டு அம்மாவுக்குப் புடிச்சதெல்லாம் வெக்கோணும். காக்காய்க்கு வெச்சுப்போட்டு நாம சாப்படறது."

"அம்மாவுக்கு என்ன புடிக்கும்?"

"அரிசியும் பருப்பும்."

"அது உங்களுக்குப் புடிக்கும்."

"கொள்ளுப் பருப்பு."

"அதுவும் நீங்கதான்ப்பா. அம்மாவுக்கு?"

சிக்னலில் கார் நின்றது. யோசித்தேன். இருபத்தெட்டு வருஷம் அவள் சமைத்ததைத் தின்றிருக்கிறேன். பச்சை விழுந்தது. பின்னால் இருந்தவன் ஹாரன் அடிக்கவில்லை. இங்கே அடிக்கமாட்டார்கள். நிவேதா தானாக வண்டியை எடுத்தாள்.

5

ஆகஸ்டு கடைசியில் ஒரே ஒரு தண்டு மிச்சம். நுனி மொட்டையாகாத அந்த ஒன்று. அதற்கும் அடியில் பழுப்பு ஏறியிருந்தது. படம் எடுத்து மச்சினன் துரைசாமிக்கு அனுப்பினேன். சாந்தாமணியின் தம்பி. காங்கயத்தில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறான். வருஷத்துக்கு இரண்டு தடவை பேசுவோம். அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன்.

"ஏனுங் மாமா, நல்லாருக்கீங்ளா? நீங்களாக் கூப்படறீங்கன்னா மழைதான் வரும்."

"நல்லாருக்கேன் மாப்ளே. போட்டோ பாத்தியா?"

"பாத்தனுங். கள்ளிமொளையான். அங்கயும் மொளைக்குதுங்ளா?"

"கள்ளியா? நிவேதா போன்ல இருக்கற மிஷின் வெசம்ங்குது."

"மிஷினக் கொண்டுபோய் வேலியில போடுங். கிள்ளிப் பாருங் மாமா. பால் வருதா, தண்ணி வருதா? பால் வந்தாக் கள்ளி, வாயில வெக்கப்படாது. தண்ணி வந்தா கள்ளிமொளையான்."

"எதுக்கு வாயில வெக்கறேன்?"

"திங்கறதுதானுங்களே! கொறங்காட்டுல ஆடு ஓட்டிக்கிட்டுப் போனா எங்களுக்கு அதான் மத்தியானச் சோறு. நாலு நுனி கிள்ளித் தின்னுபோட்டாப் பொழுது சாயற வரைக்கும் பசி தெரியாது."

கொறங்காடு என்றால் அவர்கள் பக்கத்து மேய்ச்சல் நிலம். உழுவதில்லை. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே புல்லும் வேலமரமும். வானம் பெய்தால்தான் தண்ணீர்.

இருந்த ஒரே தண்டைக் கிள்ள மனசு வரவில்லை. நகத்தால் லேசாகக் கீறினேன். தண்ணீர்தான் வந்தது.

"தண்ணி மாப்ளே."

"அப்பறமென்னுங்."

"மத்ததெல்லாம் நுனி மொட்டையா இருந்துது."

"அக்கா கிள்ளித் தின்னுருக்கும்" என்றான்.

நைட் டியூட்டி முடிந்து வந்தால் அவள் சில நாள் ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்று எதையோ மெல்லுவாள். கிராம்பு என்று நினைத்திருந்தேன்.

"நாலு வருசத்துக்கு முந்தி வந்தப்ப எங்கூடக் காட்டுக்கு வந்து புடுங்கிச்சுங். ஏர்போர்ட்டுல புடிச்சு உள்ள போட்டுருவாங்கக்கான்னேன். பஞ்சு டப்பாக்குள்ள வெச்சுப்போட்டு, 'நர்ஸு கையில பஞ்சு இருந்தா எவன்டா கேப்பான்'னுச்சு."

பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் தர மறந்தால் கூப்பிட்டு வாங்குகிறவள் அவள். விமான நிலையத்தில் செடி, விதை ஏதும் இருக்கிறதா என்று எழுதிப்போட்டிருந்த பலகையைத் தாண்டி என் பக்கத்தில்தான் நடந்து வந்தாள்.

"எங்கிட்டச் சொல்லலையே மாப்ளே."

"உங்ககிட்ட எப்புடிங் சொல்லும்?"

"ஏன்?"

"போங் மாமா, அதெல்லாம் பழசு."

"சொல்றா."

"கல்யாணமான புதுசுல உங்க ஊட்டுக்கு அதுல தொவையல் அரைச்சு எடுத்துக்கிட்டு வந்துச்சாமா. வேலியில மொளைக்கறதையெல்லாமாத் திம்பீங்கன்னு ஊட்டுல அத்தன பேருஞ் சிரிச்சாங்களாமா. அப்பறம் அக்கா உங்க முன்னால அதப் பத்திப் பேசுனதே இல்லீங்."

"நானுமா சிரிச்சேன்?"

"நீங்களுந்தானுங்."

எனக்கு ஞாபகம் இல்லை. சிரித்திருப்பேன். தண்ணிக்காட்டில் பிறந்தவர்களுக்கு மேட்டுக்காட்டுக்காரர்களைப் பார்த்து அப்படி ஒரு சிரிப்பு உண்டு. என் அக்கா, அம்மா, நான், எல்லோரும் அதைச் சிரித்தே வளர்ந்தோம்.

"தண்ணி எவ்வளவுங் ஊத்துனீங்க?" என்றான்.

"தெனமும் ஒரு டம்ளர். கொஞ்ச நாளா ரெண்டு."

"டம்ளரா! வாய்க்கால்காரருங்கறதக் காட்டிப்போட்டீங்களே மாமா! அதுக்கு மேகத்தக் காட்டுனாலே போதும்."

"இன்னொண்ணு அனுப்ப முடியுமா?"

"அனுப்பலாம். என்னமோ சர்டிபிகேட் வேணும்ங்கறாங்க. வேலியில மொளைச்சதுக்கு எந்த ஆபீசருங் கையெழுத்துப் போடுவாரு? இருக்கறதக் காப்பாத்துங். கத்திய நல்லாத் தொடச்சுக்கங். பழுப்புக்கு மேல, உள்ள சுத்தமாப் பச்சை தெரியற வரைக்கும் அறுங். தண்ணியில போடாதீங். மண்ணுலயும் வெச்சரப்படாது. நெழல்ல பத்து நாளைக்குப் போட்டுட்டு மறந்துபோங். வெட்டு வாய் காஞ்சப்பறம் மணல்ல குத்தி வெய்ங்."

"அப்பறம் தண்ணி?"

"ஊத்தோணும்னு தோணுச்சுன்னா நாளைக்கு ஊத்திக்கலாம்னு விட்டுருங். நாளைக்கும் அதேமாதிரி."

6

அறுத்தேன். மூன்று தடவை அறுக்கவேண்டி வந்தது. கடைசியில் என் நடுவிரல் நீளம் மிஞ்சியது. ஒரு காகிதத்தில் போட்டு, செருப்பு அலமாரி மேல் வைத்தேன். வெயில் படாத இடம் அதுதான்.

நாலாம் நாள் சுருங்க ஆரம்பித்தது. ஆறாம் நாள் பட்டையெல்லாம் ஒட்டி, காய்ந்த மிளகாய் மாதிரி ஆனது. அன்று காலையில் டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு அலமாரி வரை வந்துவிட்டேன். நின்றேன். பிறகு நானே குடித்தேன். வேலைக்கு லேட்டானது. சூப்பர்வைசர் ஏன் என்று கேட்டார். செடி என்றேன். தலையாட்டினார்.

பதினோராம் நாள் குத்தி வைத்தேன். மணலுக்கு எங்கே போவது? குழந்தைகள் விளையாட மூட்டையில் விற்கிறார்கள். அதை வாங்கினேன். கடைப்பையன் "பேரனுக்கா?" என்றான். ஆமாம் என்றுவிட்டேன். விளக்கிச் சொல்ல இங்கிலீஷ் போதாது.

ஒரு மாதம் ஒரு சொட்டு ஊற்றவில்லை. வெளியே தினமும் மழை. அயர்லாந்து மழை, சத்தம் இல்லாமல் பெய்யும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவ்வளவு தண்ணீர், இந்தப் பக்கம் செடி காய்ந்து நிற்கிறது. சாப்பிடும்போது அதைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்தேன்.

அக்டோபர் முதல் வாரம் விரலால் தட்டிப் பார்த்தேன். ஆடவில்லை. உள்ளே பிடித்திருந்தது. ஒட்டியிருந்த பட்டை கொஞ்சம் விரிந்திருந்தது.

துரைசாமிக்குப் போன் செய்து சொன்னேன். பிறகு கேட்டேன். "படையலுக்கு நுனி கிள்ளலாமா?"

"கிள்ளுனா, பக்கத்துல ரெண்டா மூணாக் கெளைக்குமுங். ஆனா இப்பத்தான் வேர் புடிச்சிருக்குது. போனாலும் போயிருமுங். நான் சொல்ல மாட்டேன் மாமா. நீங்க பாத்து செய்ங்."

7

வருஷம் திரும்பிய நாள் நிவேதா முந்தின சாயங்காலமே வந்துவிட்டாள். வாழையிலை ஆசியாக் கடையில் உறைந்த கட்டியாகக் கிடைத்தது. இளக வைத்து விரித்தோம். பருப்பு, வடை, பாயசம் எல்லாம் அவள் யூடியூப் பார்த்துச் செய்தாள். சாந்தாமணி படத்துக்கு முன்னால் இலையைப் போட்டு வைத்தோம். இலையின் வலது ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டிருந்தேன்.

ஜன்னலுக்குப் போனேன்.

"அப்பா, வேண்டாம்ப்பா. ஒண்ணுதான் இருக்கு. செத்துட்டா?"

"அம்மா கிள்ளறதுக்குத்தான் வெச்சிருந்தா கண்ணு."

"அடுத்த வருஷம் கிள்ளலாம். நெறைய வந்தப்பறம்."

அவள் சொல்வது சரி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த ஒரு நுனியைச் சாந்தாமணி அடுத்த தடவைக்கு என்று விட்டிருப்பாள். அடுத்த தடவை வரவில்லை.

கட்டைவிரல் நகத்தை வைத்துக் கிள்ளினேன். ஒரு விரற்கடை வந்தது. கிள்ளிய இடத்தில் தண்ணீர் ஒரு பொட்டு நின்றது. இலையில் வைத்தேன். கற்பூரம் காட்டினால் புகைக்கு அலாரம் அடிக்கும், அதனால் விளக்கு மட்டும்.

பின்னால் இருக்கும் ஷெட் கூரையில் காக்காய்க்கு எடுத்து வைத்தோம். எல்லாவற்றிலும் கொஞ்சம், அதோடு அந்த நுனி. இந்த ஊர்க் காக்காய்க்குக் கண் வெள்ளையாக இருக்கும். கூப்பிடவேண்டியதே இல்லை. இரண்டு வந்தன. வடை போனது, சோறு போனது. நுனியை ஒன்று கொத்திப் பார்த்தது. தலையை உதறிவிட்டுப் பறந்துபோனது.

"அம்மா வாங்கிக்கலையா?" என்றாள் நிவேதா. சின்ன வயதில் கேட்கிற மாதிரி கேட்டாள்.

நான் துரைசாமிக்குப் போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"காக்கா அத மட்டும் உட்டுட்டுப் போயிருச்சு மாப்ளே."

"அது எங்க ஊர்க் காக்காயே திங்காதுங். மேட்டுக்காட்டு மனுசந்தான் திம்பான். அக்காவுக்கு வெச்சாச்சுல்லங், இனி நீங்க எடுத்துத் தின்னுபோடுங்."

கூரையிலிருந்து எடுத்தேன். கழுவவில்லை. இரண்டாகப் பிய்த்து ஒன்றை நிவேதாவிடம் நீட்டினேன். அவள் வாங்கி வாயில் போட்டாள். முகம் சுருங்கியது.

"யக். இதையாப்பா அம்மா தின்னாங்க?"

நானும் மென்றேன். புளிப்பு. பிறகு கசப்பு. நறுக்கென்று வெள்ளரிப் பிஞ்சு மாதிரி இருந்தது. துப்பவில்லை. முழுங்கிவிட்டு நின்றேன். நிவேதா துடைக்காமல் அழுதுகொண்டிருந்தாள். எனக்கு வரவில்லை. இந்த ஒரு வருஷமாக வரவில்லை.

"மாமா? இருக்கீங்ளா?"

"இருக்கேன். துரைசாமி, உங்கக்காளுக்கு வேற என்ன புடிக்கும்?"

"எதுக்குங் இப்ப?"

"தெரிஞ்சுக்கலாம்னு."

"இப்பவா கேக்கறீங்க மாமா?" என்றான். குத்திக் காட்டுகிற மாதிரி இல்லை. கேட்டான், அவ்வளவுதான். "அது நெறைய இருக்குதுங்களே. எல்லாம் எங்க பக்கத்துத் தீனி. நீங்க சிரிப்பீங்க."

"சிரிக்க மாட்டேன். சொல்லு."

எழுதக் காகிதம் தேடினேன். மேஜை மேல் பிரிக்காத ஒரு கவர் கிடந்தது. முன்பக்கம் திருமதி நாச்சிமுத்து என்றிருந்தது. திருப்பிப் போட்டேன். நிவேதா பேனாவை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மெதுவாச் சொல்லு மாப்ளே" என்றேன். "நான் எழுத நேரமாகும்."